லயத்தை விட்டுப் புறப்படுமுன்

தோட்டத்துச் சடக்கில் ஒரு லோரி வந்து நிற்கிறது. கட்டில், அலமாரி, அம்மிக்கல், சாமி படம், கோழிக்கூடு என்று ஒவ்வொன்றாக ஏறுகின்றன. நாற்பதாண்டு வாழ்க்கை அரைமணி நேரத்தில் லோரிக்குள் அடங்கிவிடுகிறது. பாட்டி மட்டும் தான் வைத்த முருங்கை மரத்தடியில் நின்று திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள். பிள்ளைகளுக்கோ புது வீட்டைப் பார்க்கும் ஆவல் தாங்கவில்லை.

இக்காட்சி நம் வாசகர்களுக்குப் புதியதன்று. தோட்டம் கைமாறுகிறது, பால்மரம் வெட்டிச் சாய்க்கப்பட்டுச் செம்பனை வருகிறது, செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டமோ தொழிற்பேட்டையோ வருகிறது. காரணம் எதுவாயினும் தொழிலாளிக்கு வரும் செய்தி ஒன்றுதான்: வீட்டைக் காலி செய்!

சொந்த வீடு கிடைப்பது நற்செய்திதான். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று சொன்னவர்கள் நம் முன்னோர்கள். ஆனால் அப்படி மகிழ்ச்சியோடு புறப்பட்டுப் போன குடும்பங்களில் எத்தனையோ, மூன்று நான்கு ஆண்டுகளுக்குள் தவணை கட்ட முடியாமல் தவிப்பதையும், பத்திரமில்லாத வீட்டில் பயந்து குடியிருப்பதையும் கண்டு வருகிறோம். இவர்கள் சோம்பேறிகளல்லர், ஊதாரிகளுமல்லர். புறப்படும் அவசரத்தில் சில தவறுகளைச் செய்தவர்கள். ஒரு தோட்டத்தில் செய்த அதே தவறு அடுத்த தோட்டத்திலும் நடக்கிறது என்பதுதான் நம்மை வருத்துகிறது. அவற்றைத் திரட்டி எடுத்துச் சொல்வது நம் கடமை எனக் கருதி இதனை எழுதுகிறோம்.

வேலையோடு வந்த வீடு

தோட்டத்து வீடு என்றைக்குமே நம்முடையதாக இருந்ததில்லை. வேலை இருக்கும்வரை வீடு. வேலை போனால் வீடும் போகும். குடும்பத்தில் ஒருவராவது பிரட்டில் பேர் கொடுத்தாகவேண்டும் என்பதற்காகவே படிக்கவேண்டிய பிள்ளையை மரம் வெட்ட அனுப்பிய வீடுகள் எத்தனை! தொழிலாளர் வீடமைப்புக்கான குறைந்தபட்சத் தரத்தை நிர்ணயிக்கும் சட்டம் 1966-இல் வந்தது. 1990-இல் அதற்குப் பதிலாகப் புதுச் சட்டம் வந்தது. கூரை எப்படி இருக்கவேண்டும், தண்ணீர் எப்படி வரவேண்டும் என்றெல்லாம் இச்சட்டங்கள் பேசின. ஆனால் வேலை முடிந்த மறுநாள் தொழிலாளி எங்கே படுப்பான் என்ற கேள்விக்கு அவற்றில் விடை இல்லை.

இந்தக் கேள்வி இன்று பிறந்ததன்று. 1950-களின் பிற்பகுதியிலும் 1960-களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள். வேலையும் வீடும் ஒரே நாளில் இழந்து நடுச்சடக்கில் நின்றவர்கள் பல்லாயிரவர். அந்த வேதனையில் பிறந்ததே 1960-இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணத்தில் அது தோட்டங்களை வாங்கியது. தனித்தனியாக நின்றால் துரத்தப்படுவோம், சேர்ந்து நின்றால் வாங்குவோரும் ஆகலாம் என்று அது காட்டியது.

பின்னால் வந்த கதையும் நினைவிலிருக்கவேண்டும். இன்று புத்ராஜெயா நகரம் நிற்குமிடம் 1990-களின் நடுப்பகுதிவரை பிராங் பெசார் தோட்டமாகவும் அதன் பக்கத்துத் தோட்டங்களாகவும் இருந்தது. அங்கே பால் வெட்டிய குடும்பங்கள் டிங்கில் வட்டாரத்தில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றப்பட்டன. நாட்டின் தலைமைச் செயலகத்துக்கு இடம் விட்டவர்கள், சில ஆண்டுகளிலேயே சுவரில் வெடிப்பு கண்டு, பாதுகாப்பான தரைவீடு வேண்டுமென்று ஆண்டுக்கணக்கில் குரல் கொடுக்க வேண்டியிருந்தது. வீடு கிடைத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணக்கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

முதல் தவறு: கணக்கு முடியுமுன் கையெழுத்து

புது வீட்டைப் பற்றிப் பேசுமுன் பழைய வேலையின் கணக்கை முடிக்கவேண்டும். இங்கேதான் முதல் சறுக்கல் நேர்கிறது.

தோட்டம் மூடப்பட்டு வேலை நிறுத்தப்பட்டால், 1980-ஆம் ஆண்டு விதிகளின்படி ஒரு வருடம் தொடர்ந்து வேலை செய்தவருக்கு நஷ்டஈடு உண்டு. இரண்டு வருடத்துக்குக் குறைவான சேவைக்கு வருடத்துக்கு 10 நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்து வருடத்துக்குள் என்றால் வருடத்துக்கு 15 நாள். ஐந்து வருடமும் அதற்கு மேலும் என்றால் வருடத்துக்கு 20 நாள். இருபது வருடம் வேலை செய்தவருக்கு 400 நாள் சம்பளம் சேரவேண்டும். வேலை முடிந்த ஏழு நாளுக்குள் அது கைக்கு வரவேண்டும். இவையல்லாமல் முன்னறிவிப்பும் உண்டு. ஒப்பந்தத்தில் என்ன கெடு சொல்லப்பட்டிருந்தாலும், ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட சேவைக்குக் குறைந்தது எட்டு வாரம். கூட்டு ஒப்பந்தத்தில் இதைவிட நல்ல நிபந்தனை இருந்தால் அதுவே செல்லும்.

தோட்டம் மூடப்படாமல் புது முதலாளியிடம் கைமாறினாலும் இந்த உரிமை மறைந்துவிடாது. ஏழு நாளுக்குள் பழைய நிபந்தனைகளுக்குக் குறையாமல் வேலை தர அவர் முன்வராவிட்டால், வேலை நிறுத்தப்பட்டதாகவே கருதப்படும். அவர் அப்படி முன்வந்து, நாம் நியாயமான காரணமின்றி மறுத்தால் நஷ்டஈடு கிடைக்காது. இரண்டையும் தெரிந்துகொள்ளவேண்டும்.

இத்தனை உரிமையையும் ஒரே கையெழுத்தில் இழப்பதற்கு வழியுண்டு. "சொந்த விருப்பத்தின்பேரில் வேலையை விட்டு விலகுகிறேன்" என்று மலாயிலோ ஆங்கிலத்திலோ அச்சடித்த ஒரு தாள் மேசைமீது இருக்கும். "போடுங்கண்ணே, எல்லாரும் போட்டாச்சு, போட்டால்தான் வீட்டுச்சாவி" என்று யாராவது சொல்வார்கள். தானாக விலகியவருக்குச் சட்டம் நஷ்டஈடு தருவதில்லை. ஆகவே வாசித்து விளங்காத தாளில், அது எவ்வளவு சின்னத் தாளாயிருந்தாலும், கையெழுத்திடாதீர்கள். "சங்கக் கிளையில் காட்டிவிட்டு நாளை தருகிறேன்" என்று சொல்வதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை. பணம் வராவிட்டால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்ய உங்களுக்கு உரிமையுண்டு.

ஊழியர் சேமநிதிக் கணக்கையும் தோட்டத்தை விடுமுன்பே சரிபார்த்துவிடுங்கள். நம்மவர் பெயர்களுக்கு நேர்ந்த கதி எல்லாருக்கும் தெரியும். பிறப்புப் பத்திரத்தில் ஓர் எழுத்து, அடையாளக் கார்டில் ஓர் எழுத்து, கிராணி எழுதிய பதிவில் இன்னோர் எழுத்து. இம்மூன்றும் பொருந்தாமல் பணம் எடுக்க அலைந்தவர்கள் பலர். நிர்வாகமும் ஆபீசும் இருக்கும்போதே இதைத் திருத்துவது எளிது. தோட்டமே இல்லாமற் போனபின் யாரிடம் போய்க் கேட்பது?

இரண்டாவது தவறு: மொத்தப் பணம் கரைந்துபோதல்

வாழ்நாளில் முதன்முறையாக மொத்தமாகப் பணம் கைக்கு வருகிறது. அந்த வாரமே மோட்டார் சைக்கிள் விற்பவர் வருகிறார். தூரத்துச் சொந்தக்காரர் வருகிறார். எட்டு வருடமாகத் தள்ளிப்போன கல்யாணம் முடிவாகிறது. இவற்றைத் தவறு என்று எப்படிச் சொல்வது? வருடமெல்லாம் அடக்கி வைத்த ஆசைகள் அவை. ஆயினும் ஒன்றை மறக்கக்கூடாது. இந்தப் பணம் ஓர் அதிர்ஷ்டக் குலுக்கில் விழுந்த பணமன்று. இருபது வருடம் குடியிருந்த வீட்டையும் வேலையையும் விட்டுக்கொடுத்ததற்கு ஈடாக வந்த பணம். அது முதலில் வீடாக மாறவேண்டும், மிச்சமிருந்தால் மற்றவை.

சேமநிதிக்கும் இதே விதி. 2024 மே மாதத்திலிருந்து, 55 வயதுக்குட்பட்டவர்களின் மாதச் சந்தா மூன்று கணக்குகளில் சேர்கிறது. நூற்றுக்கு 75 பங்கு ஓய்வுகாலக் கணக்குக்கும், 15 பங்கு செஜாத்தெரா கணக்குக்கும், 10 பங்கு எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய கணக்குக்கும் போகின்றன. வீட்டுக்கென எடுப்பது அந்த 15 பங்குக் கணக்கிலிருந்துதான். எப்போதும் எடுக்கலாம் என்ற கணக்கை மாதாமாதம் வழித்தெடுத்துவிட்டு, வீட்டு முன்பணத்துக்கு வட்டிக்காரரிடம் போவது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று வீட்டிலுள்ளோர் ஒன்றாக உட்கார்ந்து கணக்குப் பார்க்கவேண்டும்.

இன்னோர் எச்சரிக்கை. தோட்டம் மூடப்படும் செய்தி பரவியதும் தரகர்கள் முளைப்பார்கள். "மலிவு வீடு வாங்கித் தருகிறேன், பெரிய இடத்தில் ஆளிருக்கிறது, இரண்டாயிரம் வெள்ளி கொடுங்கள்" என்பார்கள். மலிவு வீட்டுக்கு மனுச் செய்யும் இடம் மாநில அரசாங்கத்தின் வீடமைப்பு அலுவலகம். அங்கே மனுவுக்கு இடைத்தரகர் தேவையில்லை. ரசீது தராத கையில் ஒரு காசும் வைக்காதீர்கள். ரசீது தந்தாலும், யார் பெயரில், எதற்காக என்று பார்த்தபின் கொடுங்கள். வீட்டு மேம்பாட்டாளர்களும் விற்பனை ஒப்பந்தம் கையெழுத்தாகுமுன் "புக்கிங்" என்று பணம் வாங்குவதைச் சட்டம் அனுமதிக்கவில்லை. ஒப்பந்தம் கையெழுத்தாகும்போதுதான் முதல் தொகை, அதாவது விலையில் 10 சதவீதம், கொடுக்கப்படவேண்டும்.

மூன்றாவது தவறு: விலையை மட்டும் பார்த்தல்

வீட்டின் விலை வேறு, வீட்டில் வாழ்வதற்கான செலவு வேறு. லயத்தில் வாடகை இல்லை. கொல்லையில் முருங்கையும் வாழையும் கறிவேப்பிலையும் இருந்தன, கோழி முட்டையிட்டது, சிலர் ஆடு மாடு வைத்திருந்தார்கள். மரத்துக்கு நடந்தே போனோம். சம்பளச் சீட்டில் காணாத வருமானம் அது. நான்காம் மாடியில் முருங்கை வளராது. கோழியும் வளர்க்க விடமாட்டார்கள்.

அங்கே மாதத் தவணை இருக்கிறது. பராமரிப்புக் கட்டணம் இருக்கிறது. அதன்மேல் பத்தில் ஒரு பங்கு சேமிப்பு நிதிக்குக் கட்டவேண்டும். வீட்டு வரி, நிலவரி, தண்ணீர், மின்சாரம், தொழிற்சாலைக்குப் போகப் பெட்ரோல், பிள்ளைகளின் பள்ளி வேன் என்று ஒவ்வொன்றும் ரொக்கமாகக் கேட்கும். 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்திருக்கிறது. ஒருவர் சம்பளத்தில் இத்தனையும் தாங்குமா என்பதை வங்கிக்காரர் பார்க்குமுன் நாம் பார்க்கவேண்டும்.

இதற்கு எளிய சோதனை ஒன்று சொல்கிறோம். வீடு வாங்கத் தீர்மானித்ததும், புது வீட்டில் மாதம் எவ்வளவு கட்டவேண்டி வரும் என்பதை ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். லயத்தில் இருக்கும்போதே மூன்று மாதம் அந்தத் தொகையை எடுத்துத் தனியாக வையுங்கள். சமாளிக்க முடிந்தால் அந்த வீடு உங்கள் சக்திக்கு உட்பட்டது. மூன்று மாதத் தொகையும் கையில் மிஞ்சும். முடியாவிட்டால் கையெழுத்திடுமுன்பே உண்மை தெரிந்துவிடும். கையெழுத்திட்டபின் தெரிந்துகொண்டால் ஏலத்தில்தான் முடியும்.

மாடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய மலிவு அடுக்குமாடிகள் பலவற்றில் மின்தூக்கி இல்லை. முழங்கால் வலியுள்ள தாயாரை ஐந்தாம் மாடியில் வைத்துவிட்டால், அவர் கீழே இறங்குவது மருத்துவமனைக்குப் போகும்போதுதான். குலுக்கல் நடக்குமுன்பே, முதியோரும் ஊனமுற்றோரும் உள்ள குடும்பங்களுக்குக் கீழ்த்தளம் ஒதுக்கும்படி எழுத்துமூலம் கேளுங்கள். கிளைகள் இதற்கான பட்டியலை முன்கூட்டியே தயாரிக்கவேண்டும்.

நான்காவது தவறு: சாவியைப் பத்திரமென்று நினைத்தல்

எல்லாவற்றிலும் பெரிய தவறு இது. சாவி கையில் இருப்பதாலேயே வீடு நமதாகிவிடாது. லயத்திலும் நம்மிடம் சாவி இருந்தது. நம்மைக் காலி செய்யச் சொல்லவில்லையா?

வீடு என்று சொல்லி நம்மிடம் காட்டப்படுபவை பலவகை. தனி நிலப்பட்டா உள்ள தரைவீடு ஒன்று. அடுக்குமாடியில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகத் தரப்படும் பட்டாவோடு கூடியது இன்னொன்று. தற்காலிகக் குடியிருப்பு லைசென்சு மட்டும் உள்ள நிலம் மூன்றாவது. அது வருடாவருடம் புதுப்பிக்கப்படுவது, பிள்ளைகளுக்கு எழுதிவைக்க முடியாதது. ஒன்றுமே இல்லாத புறம்போக்கு நிலத்தில் பலகை வீடு கட்டி விற்பது நான்காவது. தோட்டத்தை விட்டுப் போன நம் மக்களில் பெருந்தொகையினர் நகரத்து ஓரங்களில் இந்த நான்காவது வகையில்தான் போய் விழுந்தார்கள். பத்தாயிரம் வெள்ளி கொடுத்து வாங்கிய வீட்டை ஒரே காலையில் இயந்திரம் வந்து இடித்தபோது, அவர்கள் கையில் இருந்தது ஒரு துண்டுக்கடிதம்.

மலிவு வீட்டைத் தனியாரிடம் "கைமாற்றாக" வாங்குவதும் அதே ஆபத்துத்தான். மலிவு வீடுகளை விற்பதற்குத் தடைக்காலம் உண்டு. அது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். அனுமதியில்லாமல் வாங்கினால் பணம் கொடுத்தவர் நீங்கள், பதிவில் இருப்பவர் வேறொருவர். அவர் இறந்துபோனால் அவருடைய வாரிசு வந்து கதவைத் தட்டும்.

புதிதாகக் கட்டப்படும் வீட்டை வாங்குகிறவர் 1966-ஆம் ஆண்டு வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட ஒப்பந்தப் பாரத்தையே கேட்டு வாங்கவேண்டும். அதன்படி தரைவீடு 24 மாதத்திலும் அடுக்குமாடி வீடு 36 மாதத்திலும் ஒப்படைக்கப்படவேண்டும். தாமதித்தால் ஆண்டுக்கு 10 சதவீதக் கணக்கில் நாளுக்கு நாள் நஷ்டஈடு சேரும். மேம்பாட்டாளருக்கு லைசென்சும் விளம்பர அனுமதியும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் ஒப்பந்தத்தைக் கையிலெடுக்கவேண்டும். வழக்கறிஞர் செலவை மிச்சம் பிடிக்கிறோம் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞரையே நம்பியிருப்பது சிக்கனமாகாது.

ஒப்பந்தத்தில் யார் பெயர் என்பதும் முக்கியம். "அண்ணன் பெயரில் இருக்கட்டும், அவனுக்குத்தான் கடன் கிடைக்கும்" என்று தொடங்கிய எத்தனையோ காரியங்கள் நீதிமன்றத்தில் முடிந்திருக்கின்றன. கணவனும் மனைவியும் வேலை செய்து வாங்கும் வீட்டில் இருவர் பெயரும் இருக்கவேண்டும். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து சமைத்துவைத்துவிட்டு, கணவனோடு சேர்ந்து மரம் வெட்டப் போனவள் அவள். பத்திரம் எழுதும்போது மட்டும் அவளை மறந்துவிடுவது நியாயமா?

காகிதத்தின் மதிப்பை நம்மவர் ஒரு முறை கசப்பாகப் படித்திருக்கிறார்கள். 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்று வந்தபோது, இந்த நாட்டுக்கே உழைத்துத் தேய்ந்த பல்லாயிரம் பேர், உரிய காலத்தில் மனுச் செய்யாததனால், 1969-க்குப் பிறகு கப்பலேறவேண்டியதாயிற்று. இன்றும் சிவப்பு அடையாளக் கார்டோடும் பிறப்புப் பத்திரம் இல்லாமலும் இருக்கிறவர்கள் நம்மிடையே உண்டு. தோட்டத்து ஆவணங்களும், உங்களைப் பிறப்பிலிருந்து அறிந்த சாட்சிகளும் ஓரிடத்தில் இருக்கும்போதே அந்தக் காரியங்களைத் தொடங்கிவிடுங்கள். எல்லாரும் நாலாபக்கமும் சிதறியபின் சாட்சிக்கு ஆள் தேடி அலையவேண்டிவரும்.

ஐந்தாவது தவறு: பால் காய்ச்சிவிட்டுச் சுவரைப் பார்த்தல்

புதுமனை புகுவிழாவுக்கு நாள் பார்ப்பது நம் வழக்கம். ஆனால் நாளுக்கு முன் சான்றிதழைப் பாருங்கள். கட்டடம் முடிந்தது, குடியிருக்கத் தகுந்தது என்ற சான்றிதழ் இல்லாத வீட்டில் குடிபுகக்கூடாது. நல்ல நட்சத்திரம் அதற்கு ஈடாகாது.

சாவி வாங்கிய நாளன்று வெயிலிலும், முடிந்தால் ஒரு மழை நாளிலும், வீட்டைச் சுற்றிப் பாருங்கள். குழாயைத் திறந்து பாருங்கள். குளியலறையில் தண்ணீர் ஊற்றி வடிகிறதா என்று பாருங்கள். கதவு, சன்னல், விளக்கு, கூரை, சுவர் ஒவ்வொன்றையும் படம் எடுத்துக் குறித்துவையுங்கள். வீட்டை ஒப்புக்கொண்ட நாளிலிருந்து 24 மாதத்துக்குள் தெரியும் குறைகளை மேம்பாட்டாளர் தம் செலவில், எழுத்துமூலம் அறிவித்த 30 நாளுக்குள், திருத்தித் தரவேண்டும். வாயால் சொன்னதற்குச் சாட்சி இல்லை. கடிதம் எழுதி, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

நம்மவர் செய்வது என்ன? சாவி வந்த வாரமே கம்பிக்கதவு போடுகிறார்கள். சமையலறையைப் பெரிதாக்கச் சுவரை உடைக்கிறார்கள். பிறகு வெடிப்பு வந்தால், "நீங்கள் உடைத்ததால் வந்தது" என்ற பதில் தயாராக இருக்கிறது. அடுக்குமாடியில் தாங்குசுவரை உடைப்பது நம் வீட்டுக்கு மட்டுமன்றி மேல்வீட்டுக்கும் ஆபத்து. முதலில் குறைகளைத் திருத்தி வாங்குங்கள். அழகுபடுத்துவது அப்புறம் ஆகட்டும். கேட்டும் திருத்தாவிட்டால் வீடு வாங்குவோர் தீர்ப்பாயம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். அங்கே நீங்களே நேரில் போய் வழக்கைச் சொல்லலாம். ஆனால் காலக்கெடு உண்டு. 24 மாதக் காலம் முடிந்தபின் ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்தால் கதவு மூடிவிடும்.

ஆறாவது தவறு: தனித்தனியாகப் போதல்

தோட்டத்தில் ஆயாக்கொட்டகை இருந்தது. அது இல்லாத இடத்திலும் பக்கத்து வீட்டு அக்காள் இருந்தாள். பிள்ளை யார் வீட்டில் சாப்பிட்டது என்று கேட்கவேண்டியதில்லை. நகரத்து அடுக்குமாடியில் தாயும் தகப்பனும் ஷிப்டு வேலைக்குப் போய்விட்டால், பிள்ளையைக் கவனிக்கப் படிக்கட்டில் யாருமில்லை. அந்தப் படிக்கட்டில் யாருமில்லாத நேரத்தில்தான் கூடாத சகவாசம் வந்து சேர்கிறது. நம் இளைஞர்களைப் பற்றி ஊரார் சொல்லும் குறைகளில் பாதிக்கு, தோட்டத்தை விட்டுச் சிதறிய விதமே காரணம் என்று நாம் கருதுகிறோம்.

ஆகவே சேர்ந்து போங்கள். ஒரே தோட்டத்துக் குடும்பங்களை ஒரே புளோக்கில் வைக்கும்படி பேச்சுவார்த்தையிலேயே கேளுங்கள். தமிழ்ப்பள்ளி எவ்வளவு தூரம், வேன் வருமா, மாற்றுக் கடிதம் எப்போது கிடைக்கும் என்பதை வீடு பார்க்கப் போகும் அன்றைக்கே விசாரியுங்கள். 1957-இல் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஐந்நூற்றுச் சொச்சமாகக் குறைந்திருக்கின்றன. தோட்டம் மூடப்பட்டபோது பெற்றோர் சிதறிப் போனதும், பள்ளிக்கு மாற்று நிலம் கேட்டு வாங்காததும் அதற்குக் காரணங்கள். குடியிருப்பு மாறும்போது பள்ளியின் நிலமும் உரிமமும் மாற்றப்படவேண்டும் என்று கேட்பதற்குரிய நேரம் மக்கள் புறப்படுமுன்தான்.

இடம் மாறிய 30 நாளுக்குள் அடையாளக் கார்டில் விலாசத்தை மாற்றவேண்டும் என்பது சட்டம். சேமநிதி, சொக்சோ, வங்கி, மருத்துவமனை எல்லாவற்றிலும் மாற்றிவிடுங்கள். லயத்து விலாசத்துக்குப் போன ஓய்வூதியக் கடிதத்தை வாங்க அங்கே யாரும் இருக்கமாட்டார்கள்.

புது இடத்தில் குடியிருப்போர் கூட்டம் நடந்தால் போங்கள். 2013-ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின்படி, கட்டணப் பாக்கியில்லாத வீட்டுக்காரருக்கு அங்கே ஓட்டு உண்டு. பாக்கி வைத்தவருக்கு ஓட்டு இல்லை. சந்தா கட்டிய அங்கத்தினருக்கே சங்கத்தில் குரல் என்பது நாம் அறிந்த விதிதானே! சங்கக் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்டுப் பழகியவர்கள் நாம். அந்தப் பழக்கத்தைத் தோட்டத்தில் விட்டுவிட்டுப் போகவேண்டாம். மின்தூக்கி பழுதானாலும் குப்பை அள்ளாவிட்டாலும் முணுமுணுப்பதனால் பயனில்லை. கமிட்டியில் உட்கார்ந்து கணக்கைக் கேட்பதனால் பயனுண்டு.

முதலாளிமாருக்கும் அரசாங்கத்துக்கும்

தவறெல்லாம் தொழிலாளியுடையது என்று நாம் சொல்லவில்லை. வாசிக்க நேரம் தராமல் கையெழுத்துக் கேட்பவர் யார்? வீடு தயாராகுமுன் காலி செய்யச் சொல்பவர் யார்? தோட்டத் தொழிலாளருக்குச் சொந்த வீடு என்ற பேச்சு 1970-களிலிருந்தே நாட்டில் இருக்கிறது. தலைமுறை இரண்டு கடந்தும் அது பல தோட்டங்களில் பேச்சாகவே நிற்கிறது. நிலத்தின் விலை ஏக்கருக்கு எத்தனை மடங்கு ஏறியது என்று கம்பெனிகளுக்குத் தெரியும். அந்த ஏற்றத்தில், காட்டை அழித்துக் கன்று நட்ட கைகளுக்குப் பங்கில்லையா? வீடு கட்டி முடித்துப் பத்திரம் கையில் கொடுத்தபின்பே லயத்தை இடிக்கவேண்டும் என்பது நம் கோரிக்கை. இது சலுகையன்று, நியாயம்.

அந்த நியாயத்துக்காகச் சங்கம் போராடும். ஆனால் சங்கம் வாங்கித் தந்ததைத் தவறான கையெழுத்தினால் இழந்துவிடாமல் காப்பது ஒவ்வொரு குடும்பத்தின் பொறுப்பு. லோரி வந்து நிற்கும் நாளில் முதலில் ஏற்றவேண்டியது கட்டிலன்று. பிறப்புப் பத்திரங்கள், அடையாளக் கார்டுகள், சம்பளச் சீட்டுகள், சேமநிதிக் கணக்கு, ஒப்பந்தம், ரசீதுகள் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டி, அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு புறப்படுங்கள்.

நம் பாட்டன்மார் ஒரு தகரப் பெட்டியோடு இந்த மண்ணில் இறங்கினார்கள். அந்தப் பெட்டியில் மாற்றுத் துணியைத் தவிர வேறொன்றும் இல்லை. வந்த இடத்தில் அவர்களுக்குக் கிடைத்த வீடும் சொந்தமில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் தோட்டத்தை விட்டு இறங்கும்போது, பெட்டிக்குள் வீட்டுப் பத்திரம் இருக்கட்டும். இனி எந்த நாளிலும், எந்த முதலாளியும் வந்து "காலி செய்" என்று சொல்ல முடியாத வீடாக அது இருக்கட்டும்.

அவசரப்படாதீர்கள், வாசித்துப் பாருங்கள், சேர்ந்தே புறப்படுங்கள்!